கோல்மனுக்கு ஒரு கூடைக் கட்டி

நாப்லா அந்த வருஷம் அடுப்புக்குக் கட்டி வெட்டச் சதுப்பின் அடிமண்ணுக்கே இறங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நேரே சதுப்புக்குப் போய், கரையில் நின்று கத்தினேன்.

"ஏ புள்ள, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மேல்மண்ண வெட்டுனா நாலு வெயில்ல காஞ்சிரும். இந்தக் கறுப்பு மண்ணு காயறதுக்குள்ள உனக்கு நரை விழுந்துரும்!"

குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மேல்மண்ணு பொசுக்குனு எரிஞ்சு அடங்கிரும்ணே. கறுப்புக் கட்டிதான் நின்னு எரியும்."

"நின்னு எரிஞ்சு யாருக்கு ஆகணும்?"

"அவருக்குத்தான்."

அவர் என்றால் கோல்மன், அவள் புருஷன். என்னோடு ஒரே படகில் துடுப்புப் போட்டவன். நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் தனியாகக் கடலுக்குப் போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது. எங்கள் கன்னிமாராக் கரையில் கல்லறைத் திருநாள் அன்று செத்தவர்கள் வீடு திரும்புவார்கள். அவர்களுக்காக அடுப்போரம் ஒரு நாற்காலியைப் போட்டு, நெருப்பை நன்றாக எழுப்பிவைப்போம்.

"மத்தவங்கல்லாம் மண்ணுக்குள்ள படுத்திருக்காங்க. அவரு தண்ணிக்குள்ள கெடக்காருண்ணே," என்றாள். "வந்தா நல்ல கணப்பு இருக்க வேணாமா?"

எங்கள் பக்கம் விறகுக்கு மரம் கிடையாது. சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, அதைத்தான் எரிக்கிறோம். வெட்டுவது ஆண்கள், பரப்பிக் காயவைப்பது பெண்கள் என்பது ஊர் வழக்கம். கோல்மனின் ஸ்லானை இவள் தோளில் தூக்கிக்கொண்டு சதுப்புக்கு வந்த முதல் நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. ஸ்லான் என்பது பக்கத்தில் இறகுபோல ஒரு தகடு நீட்டிய ஒடுக்கமான மண்வெட்டி. ஆண்பிள்ளைகளுக்கே தோளைக் கழற்றிவிடும். "மதியத்துக்குள்ள இவளத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்" என்று சிரித்தார்கள். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

அப்புறம் அவள் வெட்டினாள். அடேயப்பா! தோளை ஒரு சாய்ப்பு, மணிக்கட்டில் ஒரு திருப்பு, கட்டி முழுசாகக் கரைமேல் வந்து விழுந்தது. மறு கட்டி அதன் பக்கத்திலேயே விழுந்தது. ஒன்று உடையவில்லை, ஒன்று கோணவில்லை. சிரித்தவர்கள் வாயில் புகையிலைக் குழாய் அணைந்து போனதுகூடத் தெரியாமல் நின்றார்கள். நான் சின்ன வயசு முதல் வெட்டுகிறவன். எனக்கு அந்தக் கை வராது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆனால் கை இருந்து என்ன செய்ய, அந்தக் கோடை எங்களைக் கைவிட்டுவிட்டது. மழை, மழை, ஒரே மழை. கட்டிகளைக் காற்றுப் போகும்படி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவோம். நிறுத்திய மறுநாளே ஊறிச் சரிந்துவிடும். நாங்கள் அலுத்துப்போனோம். நாப்லா அலுக்கவில்லை. திரும்பத் திரும்ப நிறுத்தினாள், புரட்டினாள். எங்கள் மேல்மண் கட்டிகள் எப்படியோ அரைகுறையாகக் காய்ந்தன. அவளுடைய கறுப்புக் கட்டி தண்ணீரை விடவே இல்லை. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல நாக்கு துடித்தது. என் மனைவி ஊனா முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. பொழுது சாயும் நேரம் வாசலில் நின்று பார்த்தேன். நாப்லா வீட்டுப் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக, கனமாகப் புகை வந்து கூரைமேலேயே கவிழ்ந்துகொண்டிருந்தது. ஈரக் கட்டி. எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? என் அப்பா வருவாரே என்று ஊனா ஒரே ஒரு கூடைக் கட்டியை அடுப்போரம் வைத்து வாரக்கணக்கில் காயவைத்திருந்தாள்.

"என்னய்யா, மரமாட்டம் நிக்கிற?" என்றாள் ஊனா.

"அந்தப் பொகையப் பாரு. திமிரு பிடிச்சவ, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாளா?"

"கேட்டாத்தான் குடுப்பியோ? பெரிய மகராசன்!" கூடையை வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"அடியே, அது அப்பாவுக்குடி!"

"உங்கப்பா அடுப்போரமே கால நீட்டிக்கிட்டுக் குளிர் காஞ்சு, அப்பிடியே போய்ச் சேந்த மனுசன். கோல்மன் எங்க கெடக்காரு? தூக்குய்யா."

தூக்கினேன்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. கோல்மனின் நாற்காலி அடுப்பை ஒட்டிப் போட்டிருந்தது. நாப்லா கீழே உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. மடியில் ஸ்லான். கல்லால் தட்டித் தட்டி, இரும்பை மரப்பிடியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ற?" பாய்ந்து பிடுங்கினேன்.

"வீட்டுல காஞ்சது இந்தப் பிடி ஒண்ணுதாண்ணே."

"இத எரிச்சுட்டு வர்ற வருஷம் எதால வெட்டுவ? பல்லாலயா?"

அப்போதுதான் கூடையைப் பார்த்தாள். முகம் இறுகிவிட்டது.

"எடுத்துட்டுப் போண்ணே. பிச்சை வாங்கி அவருக்குக் கணப்புப் போட மாட்டேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "உனக்கு யாரு குடுத்தா? கோல்மன் என் கூட்டாளி. அன்னைக்கு அவன் கூட நான் இருந்திருக்கணும். இது நான் அவனுக்குக் கொண்டாந்தது. நடுவுல நீ யாரு?"

நாப்லா எழுந்து வழி விட்டாள். கட்டிகளை நிமிர்த்தி அடுக்கி ஊதினேன். பற்றிக்கொண்டது. புகை அடங்கி, நல்ல சிவப்பு நெருப்பு எழுந்தது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. "வாடா கோல்மன், வந்து உக்காரு," என்றேன்.

நாப்லா நாற்காலியைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள்.

"ரொம்பக் கிட்ட இருந்தா அவருக்குப் பிடிக்காது," என்றாள்.

எங்கள் வீட்டில் அன்று ஈரக் கட்டிதான். அப்பாவின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நானும் ஊனாவும் உட்கார்ந்து இருமினோம். இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

வசந்தம் வந்து, என் பங்குச் சதுப்பில் வெட்ட ஆரம்பிக்கலாம் என்று ஒரு காலையில் போனேன். என் கரைமேல் கறுப்புக் கட்டிகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

"எவண்டா அது, என் எடத்துல!"

குழிக்குள்ளிருந்து சேறு பூசிய முகம் எட்டிப் பார்த்தது. நாப்லா.

"சத்தம் போடாதண்ணே. உனக்கு யாரு வெட்டுறா? இது உங்கப்பாவுக்கு. நடுவுல நீ யாரு?"

நான் வாயை மூடிக்கொண்டு, அவள் எறிந்த அடுத்த கட்டியைக் கையில் பிடித்துப் பரப்ப ஆரம்பித்தேன்.