கேட்காத பாகம்

வாசலில் அருணகிரி கனைத்தார். அடுப்படியிலிருந்த ரேணுகாம்பாள் சொம்பை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். புருஷனின் அண்ணனுக்கு எதிரே தம்பி பெண்டாட்டி நிற்கக்கூடாது, பேசக்கூடாது. அடி அண்ணாமலைக் கிராமத்தில் அதற்குப் பெயர் மரியாதை.

“நாளைக்கு அப்பீல் தீர்ப்பு. அதோட அவ வூட்ட வுட்டுக் கெளம்பணும்னு சொல்லிடு,” என்றார் தன் மனைவி சரசுவிடம். கதவுக்குப் பின்னால் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

ரேணுகாம்பாளின் புருஷன் செத்துப்போய் மூன்று வருஷம். அவனுடைய அரைக் காணி நிலமும் பாதி வீடும் கேட்டு அவள் போட்ட வழக்கில் கீழ்க்கோர்ட்டு அவள் பக்கம் சொல்லியிருந்தது. அதைத்தான் அருணகிரி மேலே கொண்டுபோயிருந்தார்.

மறுநாள், எழுபத்தெட்டாம் வருஷ ஆனி வெயிலில், திருவண்ணாமலைக் கோர்ட்டில் தீர்ப்பை வாசித்தார்கள். வாதி பாகம் கேட்டதாகவோ பிரதிவாதி மறுத்ததாகவோ, வழக்குப் போட்டபோது கொடுத்த மனுவான பிராதில் ஒரு வரிகூட இல்லை. வழக்குக்குக் காரணமே சொல்லாத பிராது செல்லாது. அப்பீல் ஜெயித்தது.

வராந்தாவில் அவளுடைய வக்கீல் கோதண்டராமன் நெற்றியைத் தேய்த்தார். “அவருகிட்ட பாகம் கேட்ட தேதி என்னன்னு அப்பவே கேட்டேனேம்மா. நீ சொல்லல, அந்த வரிய வுட்டுட்டேன்.”

“நான் எங்கங்க கேட்டேன்? எதுர்ல நிக்கவே கூடாதே.”

“நீ கேட்ட, அவரு தர மாட்டேன்னாருனு இருந்தா புதுசா பிராது போடலாம்.”

அடப் பாவமே, வாயைத் திறக்கக்கூடாது என்றவரும் அருணகிரிதான், இவள் வாயைத் திறக்கவே இல்லை என்று ஜெயித்தவரும் அவர்தான்.

படியிறங்க வந்த அருணகிரி வழிவிடச் சொல்லிக் கனைத்தார். அவள் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. பிறகு நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

“மாமா, எங்க வூட்டுக்காரர் பாகத்தக் குடுங்க.”

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அருணகிரிக்கு முகம் கறுத்தது.

“எதுர்ல நின்னு பேசறியா? ஒரு புடி மண்ணுகூடத் தர மாட்டேன், போடி.”

மறுபடி கனைத்தார். அவள் நகரவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது.

“காதால கேட்டீங்க இல்லங்க?” என்றாள் ரேணுகாம்பாள் வக்கீலிடம். “இன்னிக்குத் தேதியப் போட்டு எழுதிக்குங்க.”