தையலுக்கு விட்ட மூன்றடி

தையல்காரர் வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி நட்ட கனகாம்பரம், ஒன்பதாம் நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய தம்பியின் காலி மனையில் நின்றது. யாரும் பிடுங்கி நட்ட அடையாளம் இல்லை. பழைய இடத்தில் குழி இல்லை, புதிய இடத்தில் மண் கிளறப்படவில்லை, ஓர் இலைகூட வாடவில்லை. தையல்காரரின் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து மறுபடியும் சுவரோரம் நட்டாள். அடுத்த ஒன்பதாம் நாள் அது மறுபடியும் போய்விட்டது. "நம்ம தண்ணியக் குடிச்சிட்டு அங்க போய் நிக்குது பாருங்க, நன்றி கெட்டது" என்று திட்டிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போனாள். தையல்காரர் மட்டும் குனிந்து, வேலிக்கும் செடிக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு சாண். அன்று காப்பியைக் குடிக்காமலே கடைக்குப் போனார்.

அந்த ஒரு சாணுக்கு அப்போதே பத்து வயது. அப்பா விட்டுப்போன மனை நாற்பதடி அகலம். ஆளுக்குப் பாதி என்பதில் அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சும் இல்லை. நிலம் அளக்கிறவர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். தம்பிக்கோ மறுநாள் காலையில் கப்பல். சமையல்கட்டில் வேலை, கிளம்பினால் வருடக்கணக்கில் திரும்ப முடியாது. அதனால் கழுத்தில் தொங்கிய நாடாவையே எடுத்து அண்ணன் அளந்தார். ஐந்தடி நாடா. தெற்கிலிருந்து நான்கு நாடா போட்டால் பாதி வந்துவிடும். தம்பி நாடாவின் ஆரம்ப முனையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு நாடா முடியும்போதும் அண்ணன் ஒரு சாண் தள்ளிக் குச்சி நட்டு, அங்கிருந்து அடுத்ததைத் தொடங்கினார். "அது எதுக்குண்ணா?" என்று தம்பி கேட்டான். "தையலுக்கு விடறதுடா" என்றார் இவர். பதினாறு வயது வரை அண்ணன் தைத்த சட்டையைத் தவிர வேறு போட்டறியாத தம்பி, ஒவ்வொரு வருடமும் உள்ளே மடித்திருந்த துணியைப் பிரித்துவிட்டு அதே சட்டையைப் போட்டு வளர்ந்தவன், சரி என்று தலையாட்டினான். அந்த நிமிடமே அண்ணன் சிரித்து, சும்மா சொன்னேன்டா என்று சொல்லியிருக்கலாம். சிரிப்பு உதடு வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. நான்கு சாண் சேர்ந்து மூன்றடி ஆயிற்று. எல்லைக் கல்லும் நட்டாயிற்று. கைப்பழக்கம்தான் என்று தையல்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கைக்குப் பழக்கம் ஒன்றரை அங்குலம்தான், ஒன்பது அங்குலம் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த தடவை தம்பி வரும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தார். தம்பி வந்தான், போனான், கல்யாணம் செய்துகொண்டான், துறைமுக ஊரிலேயே குடியிருந்தான். ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கு ஒரு டார்ச் லைட்டோ சோப்புப் பெட்டியோ கொண்டுவந்தான். கைநிறைய வாங்கிக்கொண்டு என்னவென்று சொல்வது? தையல்காரர் வீடு கட்டியபோது வடக்குச் சுவரை இருபதாவது அடியிலேயே நிறுத்திவிட்டார். வேலி மட்டும் இருபத்து மூன்றில் இருந்தது. எடுத்துக்கொள்ளவும் துணிவில்லை, திருப்பிக் கொடுக்கவும் வாயில்லை. ஏன் மூன்றடி வீணாகிறது என்று கொத்தனார் கேட்டதற்குக் காற்று வரட்டும் என்றார். காற்று வந்ததோ இல்லையோ, பாசி வந்தது. வருடத்தில் இரண்டு மாதம் தவிர வெயில் எட்டிப் பார்க்காத அந்தச் சந்து மொட்டையாகக் கிடக்கிறது என்று மனைவி சொல்லிச் சொல்லித்தான் முதல் செடி வாங்கப் போனார்.

நாற்றுப்பண்ணைக்காரி தொழிலில் கெட்டி. "வடக்குப் பக்கம்னா ரோஜா, செம்பருத்தி எல்லாத்தையும் மறந்துடுங்க. பூ வேணும்னா கனகாம்பரம், இலை போதும்னா டிரசீனா" என்றாள். கனகாம்பரம் போன பிறகு டிரசீனா வைத்தார்கள். அது ஐந்தே நாளில் போயிற்று. ஆடாதோடை மழை பெய்த ஒரு மத்தியானத்தில் போயிற்று. பெரணி தன் தொட்டியை விட்டுவிட்டுப் போயிற்று, தொட்டியை மனைவி அடுப்புக்கரி போட்டு வைக்க எடுத்துக்கொண்டாள். நந்தியாவட்டை கனமான செடி, நகர்ந்து போய்ச் சேர இரண்டு மாதம் பிடித்தது. நடுவில் ஒரு வாரம் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றதைத் தெருவே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, அவரவர் வீட்டுச் செடி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். ஏழாவது செடியின்போது நாற்றுப்பண்ணைக்காரி நேரிலேயே வந்தாள். மண்ணை உதிர்த்து மோந்து பார்த்தாள், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "மண்ணும் நல்ல மண்ணு, நிழலும் நல்ல நிழல். இதுங்களுக்கு நிக்கத்தான் கூசுது டெய்லர் அண்ணா. அடுத்தவங்க வீட்டு நாற்காலியில உக்காந்த மாதிரி." குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தையல்காரருக்கு அன்று ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை.

பத்து வருடத்தில் ஏழு செடிகளும் காலி மனையில், வேலிக்கு ஒரு சாண் தள்ளி, வரிசை பிசகாமல் நின்றன. நிழலுக்கான செடிகள் என்பதால் வெயிலில் இலை ஓரம் கருகியது. ஆனாலும் அவை திரும்பி வரவில்லை. அந்த வருடம்தான் தம்பியின் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இனி நடக்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். தம்பி கப்பலை விட்டான். சொந்த மனையில் படியே இல்லாமல் ஒரு வீடு கட்டி, வாசலிலிருந்து கொல்லை வரை அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சக்கர நாற்காலியில் போய்வர நாலடிப் பாதை விட வேண்டும் என்பது அவன் கணக்கு. பொறியாளர் அளந்தார். மனை பதினேழடிதான் இருந்தது. வீட்டுக்குப் பதினாறடி போகப் பாதைக்கு மிஞ்சியது ஓரடி, அதிலும் செடிகள்.

தையல்காரர் ஜன்னலுக்குப் பின்னால், பாதி தைத்த காலரைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க நாடாவ நல்லாப் பாருங்க சார்" என்றான் தம்பி. "எங்கண்ணன் அளந்தது. அவர் அளந்தா தப்பா இருக்காது." பொறியாளர் வேறு நாடா கொண்டுவந்து அளந்தார். பதினேழுதான். தம்பியின் மனைவி நாற்காலியில் இருந்தபடியே, "பரவால்ல விடுங்க, நான் பின்பக்கம் போகாட்டி என்ன" என்றாள். அதைக் கேட்டதும் தையல்காரர் காலரைக் கீழே போட்டார். கழுத்தில் நாடாவோடு வெளியே வந்தார்.

"தம்பி, நான் ஏமாத்திட்டேன்டா. நாலு தடவ, சாண் சாணா, உன் கண்ணு முன்னாடியே. இருபது வருஷமா சொல்ல வாய் வரல. அந்த மூணடி உன்னுது."

தம்பி அண்ணனைப் பார்த்தான். "அது தையலுக்கு விட்டதுதானேண்ணா? பத்தாமப் போனா பிரிச்சு விடறதுக்குத்தானே விடுவாங்க. நிலத்துக்கும் தையலுக்கு விடணும்னு கப்பல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஒரே சிரிப்பா சிரிச்சானுங்க. நான்தான், எங்கண்ணன் தொழில் தெரிஞ்சவர்டான்னு சண்டைக்கே போயிட்டேன்."

அவன் வெள்ளந்தியாகச் சொன்னானா, எல்லாம் தெரிந்துதான் சொன்னானா என்று தையல்காரர் அந்த முகத்தில் தேடிப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கூசியதே தவிர விடை கிடைக்கவில்லை. இனிக் கிடைக்காது என்பதும், அதோடுதான் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போய் வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தம்பியும் கூட வந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

கடைசிக் கம்பு சாய்ந்ததும் செடிகள் கிளம்பின. கனகாம்பரம் முதலில், பிறகு மற்றவை, வந்த வரிசையிலேயே மூன்றடி இடத்தைக் கடந்துபோய் வடக்குச் சுவரின் நிழலில் ஒட்டி நின்றன. சுவரோரம் அவற்றுக்கு ஓரடி போக, மூன்றடிப் பாதை மிஞ்சியது. நாற்காலிக்கு அது தாராளம் என்று பொறியாளர் தாளில் குறித்துக்கொண்டார். நந்தியாவட்டை மட்டும் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றது. தம்பியின் மனைவி சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி அதற்கு வழி விட்டாள். "மெதுவா வரட்டும், அவசரம் இல்ல" என்றாள். தையல்காரர் தலை நிமிராமல் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.