கிழிஞ்சது போ!

ஹோட்டல் மேனேஜர் கேட்டது ஒரே ஒரு பாட்டு. கல்லூரி நாளில் அவர் தேயத் தேயக் கேட்ட ரெக்கார்டு. பாட்டின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் தனியாக ஒரு வரி பேசும்.

"அந்தச் சத்தம் அப்படியே வரணும். வந்தா சனிக்கிழமை மேடை உங்களுக்கு. இல்லைன்னா வேற குழு பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

சாயந்திரம் வாசித்துக் காட்ட வேண்டும். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். கிட்டாரே கதி என்று கிடப்பவனுக்கு வீட்டில் வைத்த பெயர் கம்பி. சுற்றிலும் இரவல் வாங்கிய பெடல்கள். காலால் மிதித்தால் சத்தத்தையே மாற்றிவிடும் குட்டிப் பெட்டிகள்.

எதிரே அக்கா மேடைச் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். டெய்லர், குழுவுக்கு டிரம்மர். இந்த மேடையும் நழுவினால் டிரம்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அறையில் துணி வெட்டும் மேஜை போடுவதென்று முடிவு செய்திருந்தாள். மேஜை வந்தால் குழு போச்சு.

கம்பி எழுந்து முதல் பெடலை மிதித்து வாசித்தான். "எப்படிக்கா?"

"கொசுவுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி."

எதிரொலி தரும் பெடலையும் சேர்த்தான்.

"அதே கொசு, கிணத்துல விழுந்துடுச்சு."

ஆம்ப்ளிஃபயரின் திருகுகளை முழுக்கத் திருப்பினான்.

"மிக்ஸிக்குள்ள ஸ்பூன் மாட்டிக்கிச்சுடா!"

ஆத்திரத்தில் எல்லாப் பெடலையும் ஒன்றாக மிதித்தான். ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நாய் உருக்கமாகப் பதில் சொன்னது.

"நாய்க்குப் பிடிச்சிருக்கு" என்றான் கம்பி.

"மேடை தரப்போறது நாயா? கிழிஞ்சது போ!"

கம்பி அப்படியே நின்றான். "என்ன சொன்ன?"

"கிழிஞ்சதுன்னேன்."

"அதேதான்! அந்த ரெக்கார்டுல வாசிச்சவனோட ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குக்கா! அதான் தொண்டை கட்டின மாதிரி கரகரன்னு கேக்குது!"

அக்கா ரெக்கார்டை மறுபடி ஓடவிட்டுக் காதைத் தீட்டினாள். பிறகு ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பார்த்தாள். அது அவள் கணவருடையது. வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாமா, லென்ஸ் துடைக்கும் துணியால் தினமும் அதைத் துடைப்பார். அவருடைய பேஸ் கிட்டாருக்குக்கூட அந்த யோகம் கிடையாது.

கம்பி உடனே போன் போட்டான். "மாமா, உங்க ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கிழிக்கலாமா?"

கடையில் கூட்டம். மாமா சிரித்தார். "காலையிலேர்ந்து நீ கிழிச்ச கிழிதான் தெரியுதே! கிழி ராசா, நல்லாக் கிழி. நான் வந்து பார்க்கிறேன்."

"பெர்மிஷன் கிடைச்சாச்சு!"

"அவர் அந்தக் கிழியைச் சொல்லலடா!"

"கிழின்னு சொன்னாரா இல்லையா?"

அக்கா ஒருமுறை டிரம்ஸைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

கம்பி ஸ்க்ரூடிரைவரால் பின்பலகையைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தான். நடுவில் காகிதக் கூம்பு புத்தம் புதிதாக இருந்தது. அவன் கத்தரிக்கோலுக்குக் கை நீட்ட, அக்கா தட்டிவிட்டாள்.

"வெட்டினா விளிம்பு நேரா நிக்கும். கிழிச்சாத்தான் பிசிறு வரும். துணியில பார்த்ததில்லையா?"

நுனியால் ஒரு கீறல் போட்டு, விரலால் பர்ரென்று இழுத்தாள்.

பின்பலகையைத் திறந்தபடியே விட்டு, ஸ்பீக்கரை மட்டும் மாட்டிக் கம்பி வாசித்தான்.

சத்தம் கிழிந்து, கரகரத்து, மூலைக்கு மூலை துள்ளியது. அதே வரி! அதே தொண்டைக்கட்டு! அக்கா "ஏய்!" என்று கத்திக்கொண்டு டிரம்ஸில் பாய்ந்தாள். மடியிலிருந்த சட்டை பறந்துபோய் மின்விசிறியில் மாட்டிச் சுற்றியது.

மாடிப்படியில் தடதடவென்று ஓசை. ஒரு காலில் செருப்போடு மாமா ஆடிக்கொண்டே உள்ளே வந்தார்.

"மச்சான், எந்தப் பெடல்டா அது? சொல்லுடா!"

"பெடல் இல்ல மாமா. நீங்கதானே கிழிக்கச் சொன்னீங்க?"

மாமா ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். துணி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "கிழின்னா... நிஜமாவேவா கிழிப்பாங்க?"

தலைக்கு மேலே சட்டை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துணியை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"சரி. இன்னொரு தடவை வாசி."

ஹோட்டலில் முதல் வரி ஒலித்ததுமே மேனேஜர் கண்ணை மூடினார். தலை தானாக ஆடியது. பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஓடி வந்து, எந்த மாய வித்தை இது என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்தார்.

"அடடா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கே! நம்ம எலெக்ட்ரீஷியன் இருக்கார். சனிக்கிழமைக்குள்ள புதுசு மாட்டிடச் சொல்றேன்."

கம்பி தடுக்க ஓடினான். அதற்குள் மாமா பேஸ் கிட்டாரோடு குறுக்கே பாய்ந்து, இரண்டு கையாலும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துக்கொண்டார்.

"யாரும் கை வைக்கக்கூடாது! இது எங்க வீட்டு டெய்லர் அளவெடுத்துக் கிழிச்சது சார்!"