சும்மா போய்வரலாம் என்றார்கள்

எங்கள் வீட்டில் 'சும்மா' என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டும். சும்மா பார்க்கலாம் என்று கடையில் எடுத்து விரித்த புடவை, மறுநாள் பீரோவில் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, "விருதுநகர் பைபாஸ் பக்கம் தாவரவியல் பூங்கா தொறந்திருக்காகளாம், சும்மா போயிட்டு வருவோம்டி ஸ்ரீமதி" என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுநாள் எனக்குக் கோயம்புத்தூருக்கு பஸ். அப்பாவின் சிவகாசி அச்சகத்தில் காலண்டருக்குச் சாமி படம் வடிவமைத்துக் கொண்டிருந்தவளுக்கு வெளியூரில் முதல் வேலை. சந்தோஷத்தில் புத்தி கொஞ்சம் மழுங்கித்தான் போயிருந்தது.

பூங்கா பிரமாதமில்லை. கரிசல் மேல் செம்மண் கொட்டி, பச்சை வலைக்கடியில் செடிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர்ப்பலகை. நடுவில் மண்டபம். நாங்கள் போனதும் அங்கிருந்த குடும்பம் ஒன்று எழுந்து நின்றது.

"எதேச்சையா வந்தோம், பாத்தா நீங்களும் வந்திருக்கீக" என்றார் அந்த அம்மாள். பெயர் சொர்ணலட்சுமி, பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மனைவி. எதேச்சையாக வந்தவர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். பக்கத்தில் கணவர். அவருக்குப் பின்னால் இஸ்திரி கலையாத சட்டையில் மகன் சபரிநாதன்.

எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தெருவே பேசும். பூங்காவில் பார்த்துப் பிடிக்காவிட்டால் செடி பார்த்ததாகக் கணக்கு.

"இதுக்குத்தான் கூட்டியாந்தியா?" என்று அம்மாவின் காதில் கேட்டேன்.

"சத்தம் போடாத. நல்ல இடம். முடிஞ்சுட்டா கோயம்புத்தூரெல்லாம் எதுக்கு?" என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கிளம்பிப் போகலாமென்றால் கார் சாவி அப்பாவிடம். நாலுவழிச் சாலையில் கைகாட்டினால் எந்த பஸ்ஸும் நிற்காது.

"பிள்ளைக ரெண்டும் ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும்" என்றார் சொர்ணலட்சுமி. நடந்தோம். கள்ளிச் செடிகள் பக்கம் வந்ததும் சபரிநாதன், "என்னையும் சும்மான்னுதாங்க கூட்டியாந்தாக. எனக்கு இப்ப கல்யாணமே வேண்டாம்" என்றார்.

சிரித்துவிட்டேன். வேலை விஷயத்தைச் சொன்னேன். "நான் வேண்டாம்னா திமிருன்னுவாக. யாரும் காதுல வாங்க மாட்டாக. நீங்க பிடிக்கலைன்னுட்டா இத்தோட முடிஞ்சிரும். சொல்லிருவீகளா?"

"என்னன்னு சொல்ல?"

"கறுப்புன்னு சொல்லுங்க. வாயாடின்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"சத்தியமா சொல்லிர்றேங்க" என்றார்.

அதன்பிறகுதான் மூச்சு வந்தது. பலகைகளைச் சத்தமாக வாசித்துக் கிண்டலடித்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாமென்று பனைவகைகள் பக்கம் திரும்பினோம். மண்டபம் வந்தது. மூலிகைப் பக்கம் திரும்பினோம். அதுவும் மண்டபத்துக்கே கொண்டுவந்து விட்டது.

அவருடைய அப்பா செல்போனிலிருந்து தலையை மட்டும் நிமிர்த்தினார். "என்னலே, பிடிச்சிருக்கா?"

சபரிநாதன் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "உங்க இஷ்டம்ப்பா" என்றார்.

காறித் துப்பலாம் போலிருந்தது. இனி அவனுக்கு என்ன மரியாதை. கம்பெனியில் அத்தனை பேரை ஏவுகிறவனுக்கு அப்பன் முன்னால் ஒரு வார்த்தை எழவில்லை. கோழை, தொடைநடுங்கி என்று மனதுக்குள் வரிசையாகத் திட்டினேன்.

அதற்குள் சொர்ணலட்சுமி பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே மல்லிகை. பூ வைத்துவிட்டால் பேசி முடித்ததாக அர்த்தம். அதற்குமேல் கோயம்புத்தூர் கிடையாது.

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அம்மா மணிக்கட்டை விட்டிருந்தாள். அப்பா முறைக்கக்கூட இல்லை, கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபரிநாதனும்தான். தான் சொல்லாததை இவளாவது சொல்லிவிடுவாள் என்று நம்பினான் போல.

"எட்டலம்மா, தலையக் கொஞ்சம் குனி" என்றார் சொர்ணலட்சுமி.

குனிந்தேன்.