டீக்கறை வைத்த புது நோட்டு

புது நோட்டின் நடுப்பக்கத்தில் மேடம் டீ டம்ளரை வைத்து எடுத்தார். வட்டமாகக் கறை விழுந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஆறு மாசத்துப் பழசு மாதிரி இருக்கு" என்றார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடம் நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அது மதியத் தூக்க நேரம். பக்கத்து அறையில் இருபத்தாறு குழந்தைகள் பாயில் கிடந்தார்கள். பழைய நோட்டுகளில் பல நாள் விட்டுப்போயிருந்ததால், இந்த அறையில் மூன்று பேரும் இருபத்தாறு நோட்டுகளை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தர ஆய்வு. ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் கவனிப்புக் குறிப்பு எழுதியிருக்கிறார்களா என்று அதிகாரி பார்த்து மதிப்பெண் போடுவார். போன தடவை இரண்டாம் தரம்தான் கிடைத்தது. இந்தத் தடவை முதல் தரம் வாங்கியே தீருவதென்று மேடம் ஒற்றைக்காலில் நின்றார். ஒரே மூச்சில் எழுதியது தெரியக்கூடாதென்று நீலம், கறுப்பு, பாதி காய்ந்த ரீஃபில் என்று ஒன்பது பேனாக்கள் மேசையில் கிடந்தன. எதை எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரித்தாள். அதைப் பார்த்து எழுதினால் இருபத்தாறு குழந்தைகளும் ஒரே வாரத்தில் தானாகத் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

பூச்சி ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். துடைப்பதும் கழுவுவதும்தான் அவளுக்குக் கொடுத்த வேலை. அதிர்ந்து பேசமாட்டாள் என்பதால் டீச்சர் வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தாள். குழந்தைகளுக்கு அது பூச்சியக்காவாகிவிட்டது. கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் நோட்டு எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. முன்பு டீச்சர் எழுதியபோது எல்லா நாளும் 'நன்றாக விளையாடினாள்' என்றுதான் இருக்கும். பூச்சிக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. கண்ணில் பட்டதை எழுதினாள்.

இப்போது அவள் முன்னால் இருந்தது வாத்தின் பழைய நோட்டு. வாத்துக்கு இரண்டரை வயது. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பதால் அந்தப் பெயர். அதில் பூச்சி நான்கு மாதமாக எழுதிவந்த பதினோரு வரிகள் இருந்தன. 'பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை.' 'எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. எல்லோரும் அழுதார்கள். வாத்து மட்டும் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.' 'பலகைத் தரையில் காலால் தட்டினால் உடனே திரும்புகிறாள்.'

முதல் வரியை எழுதிய அன்றே மேடத்திடம் போய்ச் சொன்னாள். "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும். நீ என்ன டாக்டரா? பெத்தவங்ககிட்ட நான் மட்டுந்தான் பேசுவேன். நீ வாயத் தொறந்தன்னு தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்" என்றார் மேடம். அதன்பின் பெற்றவர்கள் யாரிடமும் பூச்சி வாயைத் திறக்கவில்லை.

இப்போது மேடம் அந்தப் பழைய நோட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். "இது அதிகாரி கண்ணுல பட்டா என்ன கேப்பாரு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா, அம்மாகிட்ட சொன்னீங்களான்னு கேப்பாரு. நான் என்ன பதில் சொல்றது?" நோட்டை மூலையிலிருந்த சாக்கில் எறிந்தார். "மாதிரித்தாள்ல இருக்கறத எழுது."

பூச்சி எழுதினாள். 'பெயர் சொல்லி அழைத்தால் மகிழ்ச்சியுடன் திரும்பிப் பார்க்கிறாள்.' பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. "மெதுவா எழுதுடி, பேனாமேல என்ன கோவம்?" என்றாள் டீச்சர்.

அன்று சாயங்காலம் வாத்தின் அம்மா வந்தாள். தையல் கம்பெனியில் நாள் முழுக்க மெஷினை மிதித்துவிட்டு வருகிறவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கூப்பிட்டாள். வாத்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தவள், முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். "எத்தன தடவ கத்தறது? இந்த வயசுலயே என்னா திமிரு!" வாத்து வீறிட்டது. இது தினமும் நடப்பதுதான். தினமும் பூச்சி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். இன்று அந்த அடி மாதிரித்தாளைப் பார்த்து எழுதிய தன் கையிலிருந்து விழுந்ததுபோல இருந்தது. எல்லோரும் போனபின் சாக்கைக் கிளறி, பழைய நோட்டை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். கழிப்பறையை எட்டிப் பார்த்தார், பால் பாத்திரத்தை முகர்ந்தார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு நோட்டை உருவினார். வாத்தின் நோட்டு. டீக்கறையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வேல நடக்கற எடத்து நோட்டு இப்படித்தான் இருக்கும்" என்றார். மேடம் அடக்கமாகச் சிரித்தார். அதிகாரி 'பெயர் சொல்லி அழைத்தால்' என்ற வரியைப் படித்துவிட்டு, ஜன்னலோரம் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த வாத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாத்து திரும்பவில்லை. அவர் புருவம் ஏறியது.

மேடம் குழந்தையின் பக்கம் இரண்டடி நடந்து, செருப்பின் குதிகாலைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். "பாரு செல்லம், சார் கூப்பிடறாரு."

வாத்து திரும்பியது. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது.

அதிகாரி தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். பூச்சிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. பலகையில் தட்டினால் திரும்புகிறாள் என்பது அவள் கண்ணால் பார்த்து எழுதிய வரி. குழந்தைக்கு உதவட்டும் என்று எழுதியதைக் குப்பையில் எறிந்துவிட்டு, ஏமாற்றுவதற்கு மட்டும் மேடம் நினைவில் வைத்திருக்கிறார். "சார்" என்று கூப்பிட வாயெடுத்தாள். மேடம் திரும்பிப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். அதிகாரி அடுத்த அறைக்குப் போய்விட்டார். மதியம் டீச்சர் கைதட்டிக் குதித்தாள். முதல் தரம். குறிப்பு எழுதியதற்குத் தனிப் பாராட்டு.

சாயங்காலம் வாத்தின் அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள். ஒரு தடவை. இரண்டு தடவை. கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தவளின் எதிரில் பூச்சி போய் நின்றாள்.

"அடிக்காதீங்கக்கா. அவளுக்குக் காது கேக்கலன்னு நெனக்கிறேன்."

"என்ன உளர்ற?"

பூச்சி சாப்பாட்டுப் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து நீட்டினாள். அம்மா நின்றவாறே படித்தாள். ஒவ்வொரு வரியின் கீழும் விரல் நகர்ந்தது. தேதியில் வந்து நின்றது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போனது.

"நாலு மாசமா?"

பூச்சி தலையை ஆட்டினாள்.

"நாலு மாசமா தெனமும் அடிச்சிருக்கேன். நீ இங்கதானே நின்ன? தொடப்பத்தப் புடிச்சுக்கிட்டு இங்கதானேடி நின்ன?"

சொல்லக்கூடாதென்றார்கள், வேலை போய்விடும் என்றார்கள் என்பதெல்லாம் பூச்சியின் நாக்கு நுனி வரை வந்தது. எதையும் சொல்லும் முகம் தனக்கு இல்லை என்று தோன்றியது.

அம்மா நோட்டைப் பார்த்தாள். குழந்தையின் முதுகைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலை மெல்லத் தூக்கிப் பலகையில் ஒரு மிதி மிதித்தாள்.

வாத்து திரும்பியது. அம்மாவைக் கண்டதும் கட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தது.

அம்மா மறுபடி மிதித்தாள், இன்னும் பலமாக. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். "யாரது, என்ன சத்தம் அங்க?" என்று மேடத்தின் குரல் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அம்மா நிறுத்தவில்லை. ஏதோ புது விளையாட்டு என்று நினைத்த வாத்தும் எழுந்து, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, தன் இரண்டு காலாலும் பலகையை மிதிக்கத் தொடங்கியது. அடுக்கில் இருபத்தாறு புது நோட்டுகளும் அதிர்ந்தன.