ஏழு பேர் இருந்த நோன்பு

மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள், மடத்தில் பிற்பகல் ஜெபம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பன்றிக்குடல் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

ஃபோல்க்வின் பாதிரியார் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் எழுதுகிற மெழுகுப் பலகை. மறுநாள் ஆயர் வருகிறார். இந்த மடத்தைக் கட்டிய அன்ஸ்பெர்த்தா அம்மாளின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் பீடத்துக்கு அடியில் வைப்பார். அதன்பின் அம்மாள் புனிதை. அதற்குள் அம்மாளின் வாழ்க்கையைப் பாதிரியார் எழுதி முடிக்க வேண்டும். மடம் கட்டுவதற்கு முன்னால் அவர் வீட்டில் இருந்தவர்களில் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் அவர் மகள், இப்போது மடத்துத் தலைவி. இன்னொருத்தி நான்.

தலைவி ஜன்னலோரம் நின்றிருந்தார். சாட்சி சொன்னால் ஏதாவது ஒன்று கேட்டுக்கொள்ளலாம் என்று காலையில் சொல்லியிருந்தார். அப்போதே கேட்டுவிட்டேன். என் அக்கா கெர்லிண்டை வேலிக்கு உள்ளே கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சணல் ஊறப்போடும் குட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். அது மந்திரிக்காத மண். கடைசித் தீர்ப்பு நாளில் அங்கே யாரையும் எழுப்ப மாட்டார்கள் என்கிறார்கள்.

பார்க்கலாம் என்றிருந்தார் தலைவி.

"வா ராடா. உனக்கு முன்னாடி பன்னி வாசம் வந்துடுச்சு" என்றார் பாதிரியார்.

"நாளைக்கு நீங்க திங்கப்போற பன்னிதான் சாமி."

பாதிரியார் சிரித்தார். எழுத்தாணியை எடுத்தார்.

"அம்மாவோட நோன்பப் பத்திச் சொல்லு. ஏழு வருஷத் தவத்த ஒரே வருஷத்துல முடிச்சாங்களாமே?"

"முடிச்சாங்க."

"அதிசயம்தான். எப்படி முடிஞ்சுது?"

"நாங்க ஏழு பேர் பட்டினி கிடந்தோம் சாமி."

எழுத்தாணி நின்றது. நான் சொல்லச் சொல்ல மறுபடியும் எழுதினார்.

முக்காட்டைத் தீய்த்துவிட்டாள் என்று ஔதா என்ற வேலைக்காரியை அம்மாள் சாவிக்கொத்தால் அடித்தார். மூன்றாம் நாள் அவள் செத்துப்போனாள். அப்போதிருந்த ஆயர் ஏழு வருடத் தவம் விதித்தார். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் வாற்கோதுமை ரொட்டியும் தண்ணீரும். அம்மாளுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. அப்போதிருந்த வீட்டுப் பாதிரியார், எந்தப் பாவத்துக்கு எந்தத் தவம் என்று சொல்லும் புத்தகத்தைப் பார்த்தார். பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களுக்குத் தவத்தைப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. ஏழு பேர் ஒரு வருடம் இருந்தால் ஏழு வருடம்.

அம்மாள் தினமும் சாயங்காலம் வந்து எங்களைப் பார்த்து அழுவார். பொய் அழுகை இல்லை. பிறகு சாப்பிடப் போவார்.

"போதும்" என்றார் தலைவி.

"இன்னும் அக்காவப் பத்திச் சொல்லலீங்களே தாயே."

பத்தாம் மாதம் கெர்லிண்டுக்கு ஈறில் ரத்தம் வந்தது. அம்மாளின் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள், கதவுக்குப் பின்னால் நின்று வெள்ளை ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டாள். ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னது. திருடினாள், நோன்பை முறித்தாள் என்று வீட்டுப் பாதிரியார் அவளுக்கு நற்கருணை அப்பம் கொடுப்பதை நிறுத்தினார். ஈஸ்டர் அன்று சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் செத்தாள். வருடம் முடியவில்லை. அவள் விட்ட இரண்டு மாதத்தையும் என் வருடத்தோடு சேர்த்து நான் இருந்தேன்.

அந்தக் குழந்தை யார் என்று நான் சொல்லவில்லை. தலைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிரியார் எழுத்தாணியைத் திருப்பினார். தட்டையான முனையால் மெழுகைத் தேய்த்தார். கெர்லிண்ட் என்று எழுதியிருந்த இடம் வழவழப்பானது.

"ராடா, நான் ஒண்ணு கேக்கறேன். நீ அறுத்த கதிர் யாரோடது?"

"அம்மாவோடது."

"நீ நெய்த துணி?"

"அம்மாவோடது."

"அப்புறம்? நீ கிடந்த பட்டினி மட்டும் எப்படி உன்னோடதாகும்? அவங்க ஆளு அவங்க சொல்லிச் செஞ்சது, அவங்க செஞ்சதுதான். புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. ஏழு வருஷ நோன்ப ஒரு வருஷத்துல முடிச்சாங்க. இதுல பொய் எங்க இருக்கு?"

"பொய்யில்லீங்க சாமி. அக்காவ உள்ள கொண்டுவந்தாப் போதும்."

பாதிரியார் தலைவியைப் பார்த்தார். தலைவி திரும்பவில்லை.

"அது முடியாதும்மா. திருடிட்டு, பாவசங்கீர்த்தனம் பண்ணாம செத்தவ. புனிதையோட மண்ணுல திருடிய வைக்க ஆயர் எப்படி ஒத்துக்குவாரு?"

"வேற ஏதாவது கேளு ராடா" என்றார் தலைவி. "குளிர்காலம் வருது. நல்ல கம்பளி தரச் சொல்றேன்."

கையில் இன்னும் குடல் நாற்றம் இருந்தது. பாவாடையில் இன்னொரு முறை துடைத்தேன்.

"கம்பளி இருக்கட்டும் தாயே. சாமி, ஒண்ணே ஒண்ணு. பட்டினி அம்மாவோடதுன்னா, அந்த ரொட்டியத் தின்ன பாவம் மட்டும் எப்படி எங்க அக்காவோடது?"