மாவிலையில் மூன்று குழிகள்

டமாரென்று கதவு திறந்தது. தாவரவியல் ஆய்வகத்துக்குள் பாய்ந்து வந்த அட்டெண்டர், துறைத்தலைவியின் காதருகே மூச்சிரைத்தார்.

"மேடம், மோசம் போயிட்டோம்! சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு அரளிச் செடியை மொத்தமா வெட்டிட்டாங்க. ஒரு இலைகூட மிச்சமில்ல."

"பரீட்சை ஆரம்பிக்கிற நேரத்துல வந்து சொல்றீங்களே! வேற என்ன இருக்கு?"

"மாவிலைதான்."

"அதையே நறுக்கிப் போடுங்க. எக்ஸ்டர்னல்கிட்ட மூச்சு விடாதீங்க."

முழு இலையைக் கொடுத்தால் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். அதனால் செய்முறைத் தேர்வில் இலையைத் துண்டு போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தருவது வழக்கம். வருஷா வருஷம் அரளிதான் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அது வேறு விஷயம்.

இருபத்து மூன்று பேர் துண்டைப் பிடிமானத்துக்காகக் கேரட்டில் செருகி, பிளேடால் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்தார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பைத் திரும்பியும் பார்க்காமல், மனப்பாடமாக இருந்த அரளியை வரைந்து தள்ளினார்கள். பல அடுக்குத் தோல், அடியில் ரோமம் முளைத்த குழிகள், குழிக்குள் இலைத்துளைகள்.

இருபத்து நான்காவது ஆள் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துத் தொலைத்தாள். பெயர் 'அரியர் அக்கா'. இதே பாடத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இந்தத் தடவை தேறினால் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தவறினால் அந்த நாற்காலியில் வேறு யாரோ.

பக்கத்து மேசைக்காரி கிசுகிசுத்தாள். "அக்கா, அதுக்குள்ள பாக்காதீங்க! போன தடவையும் பாத்துத்தானே ஃபெயிலானீங்க?"

"இதுல குழியே இல்லடி."

"இல்லைன்னா ரெண்டு போடுங்க. காசா பணமா?"

பென்சிலைக் கொண்டுபோனாள். கை வரவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடும் வேகத்தில் இருந்தார். இருபத்து மூன்று படங்களுக்கும் "பிரமாதம்" சொல்லிவிட்டு இவள் படத்தில் பிரேக் அடித்தார்.

"குழி எங்கேம்மா?"

"இல்ல சார். பாத்துத்தான் வரைஞ்சேன்."

"பதினாறு வருஷமா நான் பாக்கிறேன், உனக்கு மட்டும் இல்லையா?" குனிந்தார், ஒரு கண்ணை மூடினார், திருகைத் திருகினார். "இதோ! ஒண்ணு, ரெண்டு, மூணு! ரோமம்கூடத் தெரியுதே. மேடம், நீங்களே பாருங்க."

கொடுத்தது குழியே இல்லாத மாவிலை என்று தெரிந்த துறைத்தலைவியும் குனிந்து பார்த்தார். "ஆமா சார், அச்சு அசலா இருக்கு."

சிவப்புப் பேனா மதிப்பெண் தாளை நோக்கி இறங்கியது. அவள் குறுக்கே புகுந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்... ஸ்லைடு காயுதேன்னு கிளிசரின் விட வெளியே எடுத்தேன். இன்னும் என் கையிலதான் இருக்கு."